இன்றைய ஊசி உபயம்

நான் எழுதிய எழுத்தை நானே மல்லாக்கப் படுத்துக்கொண்டு படித்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்த ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியின் டி.பி. வார்டில் அது நடந்தது. என் கட்டிலுக்கு நேர் மேலே ஒரு டியூப் லைட் தொங்கியது. அதில் சிவப்பு பெயிண்டில், நிழல் போட்ட எழுத்தில், ரைஸ் மில் முதலாளியின் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர்ப் பெயர், கடைசியில் ‘உபயம்’. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் இடம் விடாமல் எழுதியிருந்தேன். வெளிச்சம் வருவதற்குத்தான் இடம் வைக்கவில்லை.

நான் நைனார்பாளையத்தில் போர்டு எழுதுகிற பெயிண்டர். கோயில் விளக்கு, பள்ளிக்கூட பெஞ்சு, பஸ் ஸ்டாப் நிழற்குடை என்று எங்கள் வட்டாரத்தில் யார் எதை தானம் கொடுத்தாலும் பெயர் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த டி.பி. வார்டு திறந்தபோது சுற்றுப்பட்டு ஊர்ப் பெரியவர்கள் ஆளுக்கொரு பொருள் வாங்கிக் கொடுத்தார்கள். அத்தனையிலும் பெயர் எழுதியது நான்தான். கூலியும் வாங்கிக்கொண்டு, கேசரியும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அதே வார்டில் நானே வந்து படுப்பேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் பிரஷ்ஷாலேயே அடித்திருப்பேன்.

என் மனைவி செல்வி முதல் நாளே அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். “எழுதறப்பவே சொன்னேன், கொஞ்சம் கம்மியா எழுதுங்கன்னு. இப்ப இருட்டுல கஞ்சி குடிங்க.”

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கமெல்லாம் சூடு பிடித்திருந்த காலம். சுவர் காலியாக இருந்தால் அதில் ஒரு கோரிக்கை எழுதியாக வேண்டும். எனக்கு ஓயாத வேலை. இருமல் வந்தபோது பெயிண்டில் கலக்கிற தின்னர் வாடைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கும். சட்டை தொளதொள என்று ஆனது. மூச்சு இழுத்தால் வலது பக்கம் யாரோ உள்ளே கிள்ளுகிற மாதிரி வலிக்கும். ஒருநாள் சின்னசேலம் ஸ்டேஷன் பக்கத்துச் சுவரில் ஏணிமேல் நின்று எழுதிக்கொண்டிருந்தவன், ஒரு வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பாதி வார்த்தை ரொம்ப நாள் அப்படியே இருந்தது.

கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவருடைய நெரிசலான வராந்தாவில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் ஒருவர் இருமுவதை ஒருவர் கவனித்துக்கொண்டு, நம்முடையது அவ்வளவு மோசமில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தோம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் டாக்டர். இடது பக்கம் கறுப்பாக இருந்தது, வலது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளை. வெள்ளையாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய தோல் இருக்கிறதாம். டி.பி. கிருமி அந்த இரண்டுக்கும் நடுவில் நீர் கோக்க வைத்துவிட்டது. நீர் அழுத்துவதால் நுரையீரல் விரிய முடியவில்லை, அதனால்தான் மூச்சு முட்டுகிறது. சளியையும் பரிசோதித்தார்கள், அதிலும் கிருமி இருந்தது. “அடிவாரத்து ஆஸ்பத்திரியில டி.பி. வார்டு இருக்கு. அங்க படுத்துத்தான் பாக்கணும். தினம் ஊசி” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

செல்வி அந்தச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், “மலர இன்னா பண்றது?” என்றாள். மலர் எங்கள் மகள், அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். தினமும் என் நெஞ்சின் மேல்தான் படுத்துத் தூங்குவாள். எனக்கு அந்த நிமிஷம்தான் நோய் வந்தது. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் வெறும் இருமல்.

மலரையும் செல்வியையும் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. மலரை என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, செல்வி தன் தாய்வீட்டில் தங்கிக்கொண்டாள். அந்த ஊர் சின்னசேலத்திலிருந்து மலைக்கு வருகிற ரோட்டில்தான் இருக்கிறது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கொஞ்ச நேரம், நடந்தால் அரை நாள் போய்விடும். அவள் தம்பி கோவிந்தன் கரும்பு வைத்திருந்தான். முட்டையும் கீரையும் அவன்தான் கொண்டுவருவான். டிபன் கேரியரில் வைக்கோலை அடைத்து, ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியாகப் படுக்க வைத்து, அந்த ரோட்டில் சைக்கிளில் வந்தும் ஒரு முட்டைகூட உடையாது. வந்தால் வாசல்படியில் உட்கார்ந்துகொள்வான். உள்ளே வரப் பயமா என்று கேட்டால், “இல்ல மாமா, இங்க காத்து நல்லா வருது” என்பான். பயம்தான். ஆனாலும் ஒருநாள் விடாமல் வந்தான்.

நெஞ்சில் கோத்த நீரை எடுத்த நாளை மறக்க முடியாது. ஸ்டூலில் திருப்பி உட்காரவைத்து, முன்னால் ஒரு தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். முதுகில் மரத்துப்போகிற ஊசி போட்டுவிட்டு, விலா எலும்புகளுக்கு நடுவில் பெரிய ஊசியை விட்டு உறிஞ்சினார் எங்கள் வார்டு டாக்டர். தெற்கத்தி ஆள், வயசு கம்மி, கண்ணாடியை அடிக்கடி சட்டையில் துடைப்பார். எடுத்த நீரை பாட்டிலில் காட்டினார். வெளிறிய மஞ்சள். தொழில் புத்தி போகுமா? லெமன் எல்லோவில் கொஞ்சம் வார்னிஷ் கலந்தால் இந்த நிறம் வரும் என்று சொன்னேன். “அதை உங்க நெஞ்சுல கலக்காம இருந்திருக்கலாம்” என்றார். அன்று ராத்திரி வெகுநாளைக்கு அப்புறம் நிமிர்ந்து மூச்சு விட்டேன்.

ஊசி விஷயத்தை அவர் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார். ஸ்ட்ரெப்டோமைசின் என்று பெயர். தினமும் இடுப்பில் போடுவார்கள். போட்ட இடம் கல் மாதிரி ஆகிவிடும், சிலருக்குக் காதில் வண்டு ரீங்காரம் கேட்கும். கேட்டால் உடனே சொல்ல வேண்டும். ஆனால் நடுவில் நிறுத்தக் கூடாது.

“விட்டு விட்டுப் போட்டா கிருமி சாகாது, பழகிடும். அப்புறம் இந்த மருந்தைக் கண்டு பயப்படாது. அதுக்கு மேல வேற மருந்து வேணும்னா நான் எங்க போக?”

அதற்கு சாட்சி என் பக்கத்துக் கட்டிலிலேயே படுத்திருந்தார். சின்னையன், மலை மேலிருந்து வந்தவர், என் வயசுதான். முதல் தடவை வியாதி வந்தபோது வாராவாரம் மலை இறங்கி வேறொரு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். சில வாரம் மருந்து இருக்கும், சில வாரம் “இன்னும் வரல, அடுத்த வாரம் வா” என்பார்கள். அவ்வளவு தூரம் நடந்து வந்து வெறுங்கையோடு ஏறுவார். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. இவரும் விட்டுவிட்டார். இப்போது இரண்டாம் தடவை, முன்னைவிட மோசமாக. ராத்திரியில் அவர் இருமும்போது எனக்கு என் நாளைய இருமலே கேட்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் மனுஷன் தங்கமானவர். கடுக்காய் எப்போது பறிப்பது, தேன்கூட்டை எப்படிப் பார்ப்பது என்று பேசிக்கொண்டே இருப்பார். வார்டில் இருந்த கடிகாரங்களைப் பார்த்து தினமும் சிரிப்பார். சுவரில் வரிசையாகக் கடிகாரம். எல்லாம் உபயம், எல்லாவற்றிலும் என் எழுத்து. ஒன்று மாதிரி ஒன்று மணி காட்டாது. தண்ணீர் பிடிக்க அழகான எவர்சில்வர் டிரம், அதிலும் பெயர். தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் மட்டும் காயில் கருகிக் கிடந்தது. மோட்டார் கிணற்றுக்குள் இருக்கும், பெயர் எழுதினால் யார் பார்ப்பார்கள்?

எங்கள் வார்டுக்கு நர்ஸ் மேரி சிஸ்டர். பக்கத்து ஊர் கிறிஸ்தவக் குடும்பம், அவருடைய அண்ணன்கள் இன்னும் நெல் நடுகிறார்கள். நன்றாகத் திட்டுவார், அதைவிட நன்றாக ஊசி போடுவார். ஒருநாள் மருந்து அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“பெயிண்டரே, உன் எழுத்து நல்லாத்தான் கீது. இந்த ஊசி பாட்டில் மேலயும் ஒரு பேர எழுதிக் குடேன். எவனாச்சும் வாங்கிக் குடுப்பான்.”

வார்டே சிரித்தது. சிரித்து முடித்ததும் எல்லாருடைய கண்ணும் அந்த அலமாரிக்குத்தான் போனது. அலமாரியில் இருப்பு குறைந்துகொண்டு வருவது எங்களுக்கும் தெரியும். கடலூரிலிருந்து மாசம் ஒருமுறை மருந்து வேன் வரும். முன்னொரு காலத்தில் எத்தனை நோயாளி என்று கணக்குக் கொடுத்திருந்தார்களோ அத்தனை பேருக்குத்தான் வரும். கட்டில் போதாமல் தரையில் பாய் போட்டுப் படுத்தவர்களை அந்தக் கணக்கு பார்க்கவே இல்லை. டாக்டர் மேலே எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தார். “ஆளுக்கு ஏத்த மருந்து வர்றதில்லை. மருந்துக்கு ஏத்த ஆளைத்தான் நான் பாக்கணும் போல” என்று ஒருநாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார். பாவமாக இருந்தது.

நான் படுத்துக்கொண்டு யோசித்தேன். எங்கள் ஊர்க்காரன் கஞ்சன் இல்லை. பெயர் நிற்கிற பொருளாக இருந்தால் கடன் வாங்கியாவது செய்வான். ஆனால் மாரியம்மன் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்து உபயம். அன்றைக்குப் போட்ட மாலை அன்றைக்கே வாடுகிறது, பொங்கலைத் தின்றுவிடுகிறோம், வாணம் வெடித்துப் புகையாகப் போகிறது. ஒன்றும் நிற்பதில்லை. அப்படியும் அந்த நாளை விட்டுக்கொடுக்கச் சொன்னால் கொலை விழும். அப்படியென்றால் அவனுக்கு வேண்டியது பொருள் இல்லை, நாள். வார்டுக்கும் தினமும் ஒரு நாள் உண்டே!

பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட கரும்பலகை ஒன்றைக் கோவிந்தன் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தான். ஓரம் முழுக்கக் கொடியும் பூவும் வரைந்தேன். மேலே கொட்டை எழுத்தில், அழியாத பெயிண்டில், ‘இன்றைய ஊசி உபயம்’. கீழே சாக்பீஸால் எழுத இடம்.

டாக்டர் பயந்தார். “அரசு ஆஸ்பத்திரியில வசூலா? வேலைக்கே உலை வச்சிடுவீங்களே!” ஒருவரும் நம்மிடம் பணம் தர வேண்டாம், சின்னசேலத்து மருந்துக் கடையில் நேராகக் கட்டட்டும், கடைக்காரர் வாராவாரம் பஸ்ஸில் பெட்டி அனுப்பட்டும் என்றோம். கொஞ்ச நேரம் யோசித்தார். “நோயாளி பொழுதுபோகாம போர்டு எழுதினா நான் எப்படித் தடுக்க முடியும்?” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

முதல் உபயத்துக்கு நம் ரைஸ் மில் முதலாளிக்கே சொல்லி அனுப்பினேன். பேன்சி வேட்டியில் வந்து நின்றார். போர்டை ரசித்தார். அப்புறம் சந்தேகம் வந்துவிட்டது.

“சாயந்தரம் அழிச்சிடுவியாமே?”

“சாமி ஊர்வலம் முடிஞ்சா சப்பரத்த கழட்டறதில்லீங்களா? அந்த மாதிரி தாங்க. மறு வருசம் அதே நாளு உங்களுக்குத்தான்.”

சப்பரம் என்றதும் ஆள் ஒத்துக்கொண்டார். போகும்போது அண்ணாந்து பார்த்து, “ஏம்ப்பா, இந்த லைட்டு இன்னா இப்பிடி இருட்டா கீது?” என்றார். சின்னையன் போர்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டார். நான் போர்டைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். முதலாளி எழுத்துக்கூட்டிப் படித்தார், தன் அப்பா பெயர் வரைக்கும் வந்தார், அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சொரண்டித் தொலைங்கப்பா!” அன்றைக்குக் கோவிந்தன் முதல் முறையாக வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்தான். ஸ்டூலில் ஏறி பிளேடால் சுரண்டினான். என் உழைப்பு சிவப்புப் பொடியாக என் மேலேயே உதிர்ந்தது. லைட்டைப் போட்டதும் வார்டில் எல்லாருடைய முகமும் தெரிந்தது.

அப்புறம் நாள் பிடிக்கப் போட்டி. கிருத்திகை வேண்டும், அமாவாசை வேண்டும், பையன் பிறந்த நாள் வேண்டும் என்று வந்தார்கள். ஒரு சிக்கலை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. அஷ்டமி, நவமிக்கு ஒருத்தனும் வரவில்லை. நல்ல காரியத்தை அந்த நாளில் ஆரம்பிப்பானா எங்கள் ஆள்? கிருமிக்கு அஷ்டமி லீவா என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

மேரி சிஸ்டர்தான் வழி செய்தார். “எங்களுக்கு ஏது அஷ்டமி நவமி? நான் சர்ச்சுல கேக்குறேன், வுடு.” அதிலிருந்து அஷ்டமியும் நவமியும் சர்ச்சுக்காரர்கள் உபயம். அந்த நாட்களில் நான் கொடிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வரைவேன்.

டாக்டருக்கு ஒரு கவலை இருந்தது, அது நியாயமான கவலை. “இது ஒட்டுப் போட்ட சட்டை பெயிண்டர். நீங்க வாங்கிக் கொடுக்கிறீங்கன்னு தெரிஞ்சா மேல உள்ளவங்க அனுப்புறதையும் குறைச்சிடுவாங்க. ஊசி வாங்குறது அரசாங்கத்து வேலை.” அதனால் தினமும் எத்தனை பேருக்கு அரசாங்க ஊசி, எத்தனை பேருக்கு உபய ஊசி என்று எழுதி மேலே அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் எழுதினது வீண் போகவில்லை. அடுத்த வருஷம் வேன் கொஞ்சம் நிறைவாகவே வந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் தேறிக்கொண்டு வந்தேன். காய்ச்சல் நின்றது. பசி எடுத்தது. செல்வி மலருடைய சிலேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ‘அப்பா’ என்று எழுதியிருந்தாள் குழந்தை, எழுத்து என்னுடையது மாதிரியே சாய்ந்து இருந்தது. ஊசிக் கணக்கு இன்னும் முடியவில்லை, முடிந்தால் வீடு.

அந்த நேரத்தில்தான் சாலை மறியல் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் மாவட்டம் முழுக்க ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, கோவிந்தனையும் காணோம். ஜன்னலுக்கு வெளியே ரோடு ஊரடங்கிய மாதிரி கிடந்தது. கடலூர் வேன் வரவில்லை. உபயப் பெட்டி சின்னசேலத்துக் கடையில் தயாராக இருக்கிறது, கொண்டுவர வழி இல்லை. மேரி சிஸ்டர் வீட்டுக்குப் போகாமல் வார்டிலேயே தங்கிவிட்டார். ஒருநாள் காலையில் எங்களுக்கெல்லாம் ஊசி போட்டுவிட்டு அலமாரியைப் பூட்டினார். பூட்டுகிற சத்தமே வேறு மாதிரி இருந்தது. “இன்னிக்கோட சரி” என்றார்.

நான் சின்னையனைப் பார்த்தேன். நடுவில் விட்டால் என்ன ஆகும் என்பது இரண்டடி தூரத்தில் படுத்திருந்தது. அவரோ சிஸ்டரைக் கூப்பிட்டு, “நாளைக்கு ஒண்ணு ரெண்டு தேறுச்சின்னா இவருக்குப் போட்டுடு சிஸ்டர். சின்னப் பொண்ணு கீது இவருக்கு. எனக்குத்தான் இது ஏற்கெனவே பழகினது” என்றார். “வாய மூடிக்கினு படு, ஆளுக்கு ஆளு டாக்டராயிட்டிங்க” என்று சிஸ்டர் கத்தினார். கத்திவிட்டு மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். நான் சின்னையன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறியலில் மாட்டி வார்டிலேயே தங்கியிருந்த செல்வி புடவையை இழுத்துச் செருகினாள். “நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன்” என்றாள். நடந்தே போனாள்.

நடந்ததை அவள் வாயால் அப்புறம் கேட்டதுதான். அவளுடைய ஊர் எல்லையில் ஒரு பெரிய புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்திருக்கிறது. அதன் மேல் கோடாலியோடு உட்கார்ந்திருந்தது வேறு யாரும் இல்லை, நம் கோவிந்தன்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

“அக்கா, மரத்த மட்டும் நவுத்தச் சொல்லாத. எல்லாரும் சேந்து எடுத்த முடிவு. நான் ஒருத்தன் ஒண்ணும் பண்ண முடியாது.”

“மரத்த எவன்டா நவுத்தச் சொன்னான்? மாமாவுக்கு நாளைக்கு ஊசி இல்ல. ஊசிய நவுத்திக் குடு.”

கோவிந்தன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டானாம். உரிமைக்காக வெட்டின மரம்தான், அதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மாமாவின் ஊசியும் அந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் என்று அவன் நினைத்தே பார்க்கவில்லை. கூட இருந்தவர்கள் கூடிப் பேசினார்கள். சின்னசேலம் வரைக்கும் வழி நெடுக மரம், ஒவ்வொரு மரத்துக்கும் அந்தந்த ஊர் ஆட்கள் காவல். ஒரே ஆள் சைக்கிளில் போனால் அயலூர்க்காரன் எவன் என்று ஒவ்வொரு இடத்திலும் நிறுத்துவார்கள். அதனால் ஆள் போகவில்லை. சொல்லைத்தான் அனுப்பினார்கள். இந்த மரத்துக்காரன் அடுத்த மரத்துக்காரனிடம் போய்ச் சொல்ல, அவன் அதற்கடுத்த மரத்துக்குப் போய்ச் சொல்ல, சேதி கடைக்குப் போய்ச் சேர்ந்தது. பெட்டியும் அதே மாதிரி, கை மாறிக் கை மாறித் திரும்பி வந்தது. ஒரு மரத்தில் மட்டும் உள்ளே என்ன என்று கேட்டு நிறுத்தியிருக்கிறார்கள். பிரித்துக் காட்டியதும், அங்கே இருந்த ஒருவர் தன் அப்பாவும் இதே டி.பி.யில்தான் போனார் என்று சொல்லி, தன் துண்டிலேயே சுற்றிக் கொடுத்தாராம். போலீஸ் ஜீப் சத்தம் கேட்டபோது பெட்டி கொஞ்ச நேரம் கரும்புக்குள் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் அக்காவும் தம்பியும் வார்டு வாசலில் வந்து நின்றார்கள். கோவிந்தன் கையில் அதே டிபன் கேரியர். சிஸ்டர் திறந்தார். வைக்கோலுக்குள் சின்னச் சின்ன பாட்டில்கள் முட்டை மாதிரி படுத்திருந்தன. ஒன்றுகூட உடையவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

முதல் ஊசி சின்னையனுக்குப் போடச் சொன்னேன். அப்புறம் எனக்கு. முன்பெல்லாம் சிஸ்டர் பஞ்சைத் தேய்க்கும்போதே முணுமுணுப்பேன். அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

“இன்னிக்கு உபயம் யாருது?” என்று சின்னையன் கேட்டார். பெட்டிக்குப் பணம் கட்டியவர்களுக்கு அவரவர் நாள் இருக்கிறது. ஆனால் இன்றைய நாள் மரத்துக்காரர்களுடையது என்று நான் சொன்னேன், சிஸ்டரும் தலையாட்டினார். எழுந்து போர்டுக்கு முன்னால் போய் நின்றேன். சாக்பீஸைக் கூராகத் தேய்த்துக்கொண்டேன்.

“சொல்லு கோவிந்தா. உன் பேரு, உன் கூட இருந்தவங்க, வழியில எந்தெந்த ஊரு, யாரு யாரு. இடம் பத்தலன்னா சுவத்துல எழுதறேன்.”

கோவிந்தன் பதறிப்போனான். “ஐயோ வேணாம் மாமா! போலீசு பேரு கேட்டுக்கினு ஊரு ஊரா சுத்திக்கினு கீது. ஊர் பேரக்கூட எழுதிடாதீங்க. வரும்போது ஒவ்வொரு மரத்துலயும் இதையேதான் சொல்லி வுட்டாங்க. ஊசி போட்டாச்சான்னு மட்டும் சேதி சொல்லணுமாம், அவ்ளோதான்.”

எத்தனையோ வருஷமாகப் பெயர் எழுதிப் பிழைக்கிறவன் நான். இன்னும் பெரிசாக எழுது, அப்பா பெயரையும் சேர், தாத்தா பெயரை விட்டுவிட்டாயே என்றுதான் கேட்டிருக்கிறேன். வேண்டாம் என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். அதுவும் வழி முழுக்க, ஒவ்வொரு மரத்திலும். நிற்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். செல்வி பக்கத்தில் வந்து நின்றாள், ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் கோவிந்தன், “ஊசி போட்டாச்சின்னு சொல்லிட்டு வர்றேன்” என்று கிளம்பிப் போனான்.

அப்புறம் எழுந்து, கலர் சாக்பீஸை எடுத்து, ஓரத்துக் கொடியைப் புதுசாக வரைந்தேன். ஒவ்வொரு இலையாக, ஒரு கோயில் முகப்புக்கு எழுதுகிற அக்கறையோடு. ‘இன்றைய ஊசி உபயம்’ என்ற எழுத்துக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல மேரி சிஸ்டர் ஈரத்துணியோடு வந்தார். போர்டை அழிப்பது அவர் வேலை. வெறும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதுல அழிக்கிறதுக்கு இன்னா கீது?” என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்து ஜன்னலில் போட்டார்.

பக்கத்துக் கட்டிலில் சின்னையன் தூங்கிப்போயிருந்தார். எனக்கு இடுப்பில் ஊசி போட்ட இடம் விண் விண் என்று தெறித்தது. திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை. அந்த வலி அன்றைக்கு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.